எண்ணாகிப் போனவர்களின் ஊர்

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் ஓர் ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது தமிழர்களின் ஊர் அல்ல. நம் நாட்டிலும் இல்லை. மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் மேற்குப் பகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. பெயர் சாவாலுந்தோ. நிலக்கரி தோண்டுவதற்காகவே உருவாக்கப்பட்ட ஊர். கரிக்காகப் பிறந்து, கரியால் வளர்ந்து, கரி வற்றியதும் சாகப் போய், பிறகு எப்படியோ பிழைத்துக்கொண்ட ஊர்.

'அந்த ஊரைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?' என்று கேட்பீர்கள். உரையின் பாதியிலேயே அதற்கு விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

கம்பெனி ஊர் என்று ஒன்று உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குடியிருக்கும் வீடு கம்பெனிக்குச் சொந்தம். குடிக்கும் தண்ணீர் கம்பெனியின் குழாயில் வருகிறது. ஆஸ்பத்திரி, கடை, பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் எல்லாம் கம்பெனி போட்டவை. காலையில் சங்கு ஊதுவதும் கம்பெனிதான். வேலை போனால் வீடும் போய்விடும். நம் தாத்தா பாட்டிகள் ரப்பருக்காக அப்படி ஓர் ஏற்பாட்டில் வாழ்ந்தார்கள். சாவாலுந்தோவில் அதே ஏற்பாடு நிலக்கரிக்காக நடந்தது. ஒரே ஒரு வேறுபாடு: அங்கே முதலாளி தனியார் கம்பெனி அல்ல. டச்சுக் காலனி அரசாங்கமே முதலாளி.

வழி தேடிப் போனவர் திரும்பவில்லை

1868-ஆம் ஆண்டு. டி கிரேவ் என்ற இளம் டச்சுப் பொறியாளர், மினாங்கபாவ் மக்கள் வாழும் மேட்டு நிலத்தில், ஒம்பிலின் ஆற்றுப் பக்கத்தில் நல்ல தரமான நிலக்கரி இருப்பதைக் கண்டறிந்தார். அது நீராவிக் கப்பல்களின் காலம். கப்பலுக்கும் ரயிலுக்கும் கரி வேண்டும். தம் ஆட்சிப் பகுதியிலேயே கரி கிடைத்தது டச்சுக்காரர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி.

ஆனால் அந்தப் புதையல் மலைக்குள் இருந்தது. கடற்கரைக்கும் கரிக்கும் நடுவே பாரிசான் மலைத்தொடர் நின்றது. கரியை வெளியே கொண்டு போக வழி தேடும் ஆய்வில் இருந்த டி கிரேவ், 1872-இல் குவாந்தான் ஆற்றின் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நம் பகாங் குவாந்தான் அல்ல. சுமத்ராவில் அதே பெயரில் ஓர் ஆறு இருக்கிறது.

அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வழி பிறந்தது. மலைச் சரிவில் ரயில் பாதை போட்டார்கள். ஏற்றம் கடுமையான இடங்களில், சாதாரணத் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளத்தைப் பதித்தார்கள். ரயில் எஞ்சினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு படியேறுவது போல மேலே போகும். பாடாங் பக்கத்தில் எம்மாஹாவன் என்ற துறைமுகத்தைக் கட்டினார்கள். இன்று அதன் பெயர் தெலுக் பாயூர். கடைசியாக, சாவாலுந்தோவுக்குள் நுழைவதற்கு மலையைக் குடைந்து 800 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு குகைப் பாதை அமைத்தார்கள். 1894-இல் ரயில் சாவாலுந்தோவை அடைந்தது. சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை 155 கிலோ மீட்டர்.

சுரங்கம், ரயில், துறைமுகம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கரி காசாகும். ஆனால் மூன்றுக்கும் பொதுவாக இன்னொன்று தேவை. அதுதான் ஆள்.

சங்கிலி மனிதர்கள்

'சாவா' என்றால் வயல். லுந்தோ அங்கு ஓடும் சிற்றாறு. லுந்தோ ஆற்றங்கரை வயல் என்பதுதான் ஊரின் பெயருக்குப் பொருள். நாலு பக்கமும் மலை. நடுவே சட்டியின் அடிப்பகுதி போல ஒரு பள்ளம். அங்கே சுரங்கத்துக்குத் தேவையான ஆயிரக்கணக்கான ஆட்கள் இல்லை. சுற்றியிருந்த மினாங்கபாவ் மக்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, வயல் இருந்தது. இருட்டுக் குழிக்குள் இறங்க அவர்களில் பலருக்கு அவசியம் இல்லை.

அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. தன் ஆட்சிக்கு உட்பட்ட தீவுகளின் சிறைகளில் இருந்த கைதிகளைக் கப்பலேற்றி அங்கே கொண்டு வந்தது. அவர்களுக்குச் சங்கிலி பூட்டப்பட்டது. அந்த வட்டார மக்கள் அவர்களை 'ஓராங் ரந்தாய்' என்று அழைத்தார்கள். மலாய் தெரிந்த நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். சங்கிலி மனிதர்கள். அவர்களில் திருடர்களும் இருந்தார்கள், கொலைக் குற்றவாளிகளும் இருந்தார்கள், டச்சு ஆட்சியை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சுரங்கத்துக்குள் எல்லாரும் ஒன்றுதான்.

அவர்களோடு ஜாவாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும், சீன ஒப்பந்தத் தொழிலாளர்களும் வந்தார்கள். ஒப்பந்தக் கூலிக்குச் சங்கிலி கிடையாது. ஆனால் ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விட்டு ஓடினால், டச்சுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். இரும்பில் இல்லாத சங்கிலி காகிதத்தில் இருந்தது. கங்காணி முறையும் அதற்கு முந்திய ஒப்பந்தக் கூலி முறையும் பார்த்த சமுதாயம் நாம். அந்தக் காகிதத்தின் எடை நமக்குத் தெரியும்.

சங்கிலி மனிதர்களைப் பெயரால் அல்ல, எண்ணால் அடையாளம் கண்டார்கள். இறந்த பிறகும் அந்த எண் விடவில்லை. அந்த ஊரில் அவர்களைப் புதைத்த இடத்தில் உள்ள கற்களில் பெயர் இல்லை. எண் மட்டும் பொறித்திருக்கிறது. எந்த ஊர்க்காரர், யார் பிள்ளை, எதற்காகச் சிறைக்குப் போனார் என்று அந்த எண்ணிடம் கேட்க முடியாது.

வரைபடமே சம்பளப் பட்டியல்

இனி கட்டடங்களுக்கு வருகிறேன். நான் தொலைக்காட்சித் துறையில் இருப்பவள். ஒரு காட்சியைப் படமெடுக்கும்போது கேமராவை எங்கே வைப்பது என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. கேமராவைத் தாழ வைத்தால் எதிரில் இருப்பவர் பெரிய ஆளாகத் தெரிவார். உயர வைத்தால் சிறியவராகத் தெரிவார். கம்பெனி ஊரைக் கட்டியவர்களும் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள்.

சாவாலுந்தோவின் நடுவே முக்கோண வடிவத்தில் ஒரு திடல். அதன் பக்கத்தில் 1916-இல் கட்டிய சுரங்கத் தலைமை அலுவலகம். ஊரிலேயே கம்பீரமான கட்டடம் அதுதான். அருகிலேயே 1910-இல் எழுந்த கிளப். அதற்கு வைத்த பெயர் 'குளுக் ஆஃப்'. சுரங்கத்துக்குள் இறங்குபவர் பத்திரமாக மேலே வர வேண்டும் என்று ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து அது. வாழ்த்து என்னவோ குழியில் இறங்குபவனுக்கு. கிளப்போ ஐரோப்பிய அதிகாரிகளுக்கு. அவர்கள் அங்கே பந்து உருட்டி விளையாடியதால் ஊர் மக்கள் அதற்கு 'ரூமா போலா', அதாவது பந்து வீடு, என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழியில் இறங்கியவர்களுக்கு அந்தப் பந்தின் சத்தம் மட்டும்தான்.

அதிகாரிகளின் வீடுகளுக்கு உயர்ந்த கூரை, அகலமான தாழ்வாரம், முன்னால் தோட்டம். காற்று தாராளமாக வரும். அடுத்த படியில் கிராணிமார், மேற்பார்வையாளர் வீடுகள். அதற்கும் கீழே தொழிலாளர்களின் 'தங்சி'. தங்சி என்றால் பட்டாளத்துக் கொட்டடி மாதிரி வரிசையாகக் கட்டிய நீளக் கட்டடம். சங்கிலி மனிதர்களுக்கென்று தனித் தங்சி. அதன் பெயரே தங்சி ரந்தாய்.

கேட்கும்போது உங்கள் மனக் கண்ணில் என்ன தோன்றுகிறது? குன்றின் மேல் துரை பங்களா. நடுவே கிராணி வீடு. கீழே லயம். லயத்தின் கோடியில் ஆயாக் கொட்டகை. அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில், இந்தப் பக்கம் கள்ளுக்கடை. கரி என்ற இடத்தில் ரப்பர் என்று மாற்றினால் போதும், படம் அப்படியே பொருந்திவிடும். கடலுக்கு அந்தப் பக்கம் டச்சுக்காரன், இந்தப் பக்கம் வெள்ளைக்காரன். இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த மாதிரி.

யார் வீட்டுக்கு எத்தனை ஜன்னல், யார் வீட்டிலிருந்து யார் வீடு தெரியும், யார் வீட்டுக்கு யார் புகை வரும் என்று பார்த்தாலே போதும். யாருக்கு என்ன சம்பளம் என்று கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். கம்பெனி ஊரின் வரைபடமும் அதன் சம்பளப் பட்டியலும் ஒன்றுதான்.

அதனால்தான் கட்டடங்கள் முக்கியம் என்கிறேன். ஏடுகளை எழுதியவர்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதினார்கள், வேண்டாததை விட்டுவிட்டார்கள். சுவர் அப்படி விடவில்லை. ஓர் அறையில் எத்தனை பேரை அடைத்தார்கள் என்பதை அந்த அறையின் அளவே சொல்லிவிடும்.

ஊருக்கே ஒரு சமையற்கட்டு

சாவாலுந்தோவில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கட்டடம் அலுவலகமும் அல்ல, கிளப்பும் அல்ல. ஒரு சமையற்கட்டு.

1918-இல் கட்டப்பட்ட அந்தப் பொதுச் சமையற்கூடத்துக்கு 'கூடாங் ரன்சும்' என்று பெயர். உணவுப் படி அளக்கும் கிடங்கு என்று பொருள் கொள்ளலாம். சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் அங்கேதான் சமையல். அடுப்பில் விறகு வைத்து ஊதவில்லை. தனியாகக் கொதிகலன் வைத்து நீராவி உண்டாக்கி, அதைக் குழாய் வழியாகக் கொண்டு வந்து, அந்த வெப்பத்தில் ஆள் இறங்கி நிற்கும் அளவு பெரிய கொப்பரைகளில் சோறு வடித்தார்கள். தொழில்நுட்பம் என்று பார்த்தால் அந்தக் காலத்துக்கு அது அதிசயம்தான்.

ஆனால் இன்னொரு கோணமும் இருக்கிறது. நம் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு ஒரே கொப்பரையில் சோறு என்றால், அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே அடுப்பும் இல்லை, வீடும் இல்லை என்றுதான் அர்த்தம். எஞ்சினுக்கு எப்படிக் கரி போட்டார்களோ அப்படித்தான் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கொப்பரையைப் பார்த்து 'அப்பாடா, எவ்வளவு பெரிசு!' என்று வியக்கலாம். வியந்த பிறகு ஒரு நிமிடம் இதையும் நினைக்க வேண்டும்.

இவ்வளவு இறுக்கத்திலும் மனிதர்கள் மனிதர்களாகவே இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று அங்கே பிறந்த மொழி. ஜாவானியரும், மினாங்கபாவ் மக்களும், சீனரும், பல தீவுகளிலிருந்து வந்த கைதிகளும் ஒரே கூரையின் கீழ் கிடந்தபோது, எல்லார் மொழியிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, டச்சுச் சொற்களையும் கலந்து, புதுப் பேச்சு ஒன்று உருவானது. அதற்குப் பெயர் 'பஹாசா தங்சி'. கொட்டடி மொழி. கட்டளை போடுவதற்கு மேலதிகாரி ஒரு மொழி வைத்திருந்தான். துக்கத்தையும் கேலியையும் பகிர்ந்துகொள்ள இவர்கள் தங்களுக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். 'பெரட்டுக் களம்', 'செக்ரோல்' என்று நம் தோட்டத்துப் பேச்சிலும் அப்படிப்பட்ட சொற்கள் எத்தனை!

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1927-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பக்கத்து ஊரான சிலுங்காங்கில் டச்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. சாவாலுந்தோ சுரங்க நகரைக் கைப்பற்றுவதும் கிளர்ச்சிக்காரர்களின் எண்ணமாக இருந்தது. அரசாங்கம் அதைக் கடுமையாக ஒடுக்கியது.

புகைபோக்கி கோபுரமானது

காலம் மாறியது. டச்சுக்காரர்கள் போனார்கள், சுரங்கம் இந்தோனேசிய அரசின் கைக்கு வந்தது. எல்லாச் சுரங்கத்துக்கும் ஒரு முடிவு உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, எளிதாக எடுக்கக்கூடிய கரி தீர்ந்து வந்தது. வேலை குறைந்தது, மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு அந்தத் தொழில் போனால் என்ன ஆகும் என்பது தோட்டத் துண்டாடலைப் பார்த்த நமக்குத் தெரியாததா?

இரண்டு வழி இருந்தது. பழைய இரும்பை எடைக்குப் போட்டு, கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாக ஏதாவது செய்யலாம். அல்லது இருப்பதை வைத்துப் பிழைக்கலாம். 2001-இல் நகர நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. 2020-க்குள் சாவாலுந்தோவைப் பண்பாட்டோடு கூடிய சுரங்கச் சுற்றுலா நகரமாக ஆக்குவது என்பதுதான் அந்த இலக்கு.

அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே ஊர் மக்கள் ஒரு வழி காட்டியிருந்தார்கள். 1894-இல் கட்டிய நீராவி மின் நிலையம் ஒன்று பயனின்றி நின்றது. 1950-களில் அதைப் பள்ளிவாசலாக மாற்றினார்கள். மின் நிலையத்தின் வானளாவிய புகைபோக்கியை இடிக்கவில்லை. அதன் உச்சியில் சிறு குவிமாடம் வைத்துப் பள்ளிவாசலின் கோபுரமாக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் கரிப் புகை போன வழி இன்று தொழுகைக்கு அழைக்கிறது. மதம் எதுவானாலும் அந்த யோசனையை நாம் பாராட்ட வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தார்கள். 2005-இல் கூடாங் ரன்சும் சமையற்கூடம் அருங்காட்சியகமானது. கொப்பரைகளோடு சங்கிலிகளையும் அங்கே வைத்தார்கள். பழைய ரயில் நிலையமும் அருங்காட்சியகமானது. 1898-இல் தோண்டப்பட்டு, நீர்க்கசிவு காரணமாக மூடப்பட்டுக் கிடந்த ஒரு சுரங்கத்தைத் திறந்து, தண்ணீரை இறைத்து, பார்வையாளர்கள் இறங்கிப் பார்க்கும்படி செய்தார்கள். அதற்கு டச்சு அதிகாரியின் பெயரை வைக்கவில்லை. அங்கே வேலை பார்த்த ஜாவானிய மேஸ்திரி ம்பா சூரோ என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது.

2019-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் சாவாலுந்தோவின் ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்க மரபை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுரங்கமும் நகரமும் மட்டுமல்ல. அந்த 155 கிலோ மீட்டர் ரயில் வழியும், துறைமுகத்தில் இருந்த கரிக் கிடங்கும் சேர்த்துத்தான் அந்த அங்கீகாரம்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது யுனெஸ்கோ பட்டம் அல்ல. அழகான கட்டடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்திருக்கலாம். அலுவலகத்துக்கும் கிளப்புக்கும் வெள்ளையடித்து, 'டச்சுக் காலத்து அழகு நகரம்' என்று விளம்பரம் செய்திருக்கலாம். அவர்கள் சமையற்கட்டையும் வைத்துக்கொண்டார்கள், குழியையும் வைத்துக்கொண்டார்கள், சங்கிலியையும் வைத்துக்கொண்டார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல என்று முடிவு செய்துவிட்டால், மறைப்பதற்கு எதுவும் இல்லை.

நம் வீட்டுக் கரி

இப்போது கடலைத் தாண்டி வீட்டுக்கு வருவோம்.

'பத்து ஆராங்' என்றால் மலாயில் நிலக்கரி. சிலாங்கூரில், ரவாங் பக்கத்தில் இருக்கும் பத்து ஆராங்குக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1913-இல் மலாயன் கோலியரீஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. 1915-இல் கரி வெட்டத் தொடங்கியது. நிறுவனத்தை நடத்தியவர் ஜே. ஏ. ரஸ்ஸல். 1929-இல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் இவர்தான். நாம் காலையில் குடிக்கும் தேநீருக்கும் பத்து ஆராங் கரிக்கும் அப்படி ஓர் உறவு இருக்கிறது.

குவாங் நிலையத்திலிருந்து கிளை ரயில் பாதை போடப்பட்டது. மலாயாவின் ரயில்களும், ஈயச் சுரங்கங்களும், மின் நிலையங்களும் அந்தக் கரியால் ஓடின. நிறுவனம் செங்கல் சூளையும் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் அமைத்தது. தன் செங்கல்லாலேயே ஓர் ஊர் எழுந்தது. வேலையாட்களில் சீனர்கள் அதிகம். தமிழர்களும் மலாய்க்காரர்களும் அவர்களோடு உழைத்தார்கள்.

1937-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கே நடந்த வேலை நிறுத்தம் மலாயாவையே உலுக்கியது. தொழிலாளர்கள் சுரங்கத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, சில நாள் ஊரைத் தாங்களே நிர்வகித்தார்கள். போலீஸ் படையை அனுப்பித்தான் அரசாங்கம் அதை மீட்டது. 1948 ஜூலையில், அவசரகாலம் தொடங்கிய சில வாரங்களில், கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் ஊரைத் தாக்கினார்கள். உயிர்கள் பலியாயின. பிறகு எண்ணெயின் காலம் வந்தது. நம் ரயில்வே டீசல் எஞ்சின்களுக்கு மாறியது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது.

இன்றும் அங்கே செங்கல் புகைபோக்கி நிற்கிறது. சூளையின் இடிபாடுகள் மரவேர்களுக்கு நடுவே இருக்கின்றன. பழைய கடைவரிசை இருக்கிறது. கரி வெட்டிய பள்ளங்கள் நீர் நிறைந்து ஏரிகளாகிவிட்டன. பூமிக்கடியில் பழைய சுரங்க வழிகள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், 'ஒரு காலத்தில் இந்த நாட்டின் ரயிலை ஓட்டிய கரி இங்கேதான் எடுத்தார்கள்' என்று காட்டியிருக்கிறோம்?

பத்து ஆராங்கைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. ஒவ்வொரு தோட்டமும் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். சில இடங்களில் துரை பங்களா தப்பித்துக்கொள்கிறது. உணவகமாகவோ, தங்கும் விடுதியாகவோ, மனைமேம்பாட்டாளரின் விற்பனை அலுவலகமாகவோ மாறிவிடுகிறது. கோயிலுக்காக நாம் போராடுகிறோம், அது நியாயம். தமிழ்ப்பள்ளிக்காகப் போராடுகிறோம், அது கடமை. லயத்துக்காக யாரும் பேசுவதில்லை. 'அந்தப் பன்றிக் குடிசையா? இடிந்து தொலையட்டும்' என்று நாமே சொல்கிறோம்.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஒழுகும் தகரத்தின் கீழ், பத்துக்குப் பத்து அறையில், ஏழெட்டுப் பேர் படுத்து எழுந்தவர்களுக்கு அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். யாரும் அதில் மீண்டும் வாழ வேண்டாம். ஆனால் எல்லா லயமும் போய், பங்களா மட்டும் நின்றால், ஐம்பது ஆண்டு கழித்து வரும் பிள்ளை என்ன நினைக்கும்? ரப்பர்த் தோட்டம் என்பது வெள்ளைக்காரன் குன்றின் மேல் அமர்ந்து தேநீர் குடித்த இடம் என்று நினைக்கும். பால் வெட்டியவர்கள் அந்தப் படத்திலேயே இருக்க மாட்டார்கள்.

பெயர் இருக்கும்போதே

சாவாலுந்தோவால் எல்லாவற்றையும் மீட்க முடிந்தது. ரயில் நிலையத்தை மீட்டார்கள், சமையற்கட்டை மீட்டார்கள், மூடிய குழியைக்கூடத் திறந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கல்லறைக் கற்களில் இருக்கும் எண்களைப் பெயர்களாக மாற்ற யுனெஸ்கோவாலும் முடியாது. அதைச் செய்யக்கூடியவர்கள் அவர்களை அறிந்தவர்கள். அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. நம்முடைய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த லயத்தில் யார் இருந்தார், எந்த வீட்டில் யார் தவறினார், எந்தக் கிணற்றுக்கு யார் தண்ணீர் எடுக்கப் போனார் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பழைய செக்ரோல் புத்தகங்கள் சிலரிடம் இருக்கலாம். பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். கோயில் உபயக் கல்லில் பெயர் இருக்கும்.

மரபுடைமையைப் பாதுகாக்க நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஒரு லயத்தையாவது, ஒரு பெரட்டுக் களத்தையாவது, பத்து ஆராங்கின் அந்தச் சூளையையாவது முறையாகக் காக்க வேண்டும் என்று நம் இயக்கங்கள் கோரிக்கை வைக்க வேண்டும். அது பெரிய வேலை. கூடிச் செய்ய வேண்டியது. ஆனால் தனியாளாகச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையும் இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு சிரமம் உண்டு. பழைய தோட்டத்துப் புகைப்படங்கள் கிடைக்கும். வரிசையாக நிற்பார்கள், தலைப்பாகை கட்டியவர், இடுப்பில் பிள்ளை வைத்தவர், வாளி பிடித்தவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் துரையின் பெயர் கீழே அச்சாகியிருக்கும். நிற்பவர்களுக்குப் பெயர் இருக்காது. 'தொழிலாளர்கள்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். திரையில் அந்தப் படம் ஐந்து விநாடி வந்து போகும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். பெட்டிக்கு அடியில், சாமிப் படத்துக்குப் பின்னால், பழைய அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பீர்கள். அதை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ள பாட்டியிடமோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ போய் உட்காருங்கள். இவர் யார், அவர் யார் என்று கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருடம் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தின் முன்பக்கம் தெரியும். தெரியாத ஆளுக்கு இடம் விட்டு வையுங்கள். அடுத்த கல்யாண வீட்டில் யாராவது சொல்லக்கூடும்.

இந்த வார இறுதியிலேயே செய்யுங்கள். அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.